பிளாஸ்மா பேனல் காணாமல் போனால் ஃபார்மட் செய்துதான் ஆக வேண்டுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். லேப்டாப்பில் குபுண்டு 24.04, அதாவது கேடிஈ குழுவின் பிளாஸ்மா டெஸ்க்டாப்போடு வரும் லினக்ஸ், இருக்கிறது. வெளி மானிட்டர் இணைந்திருந்தபோது, சிஸ்டம் செட்டிங்ஸ் வழியாக டெஸ்க்டாப்பின் முழுத் தோற்றத்தையும் மாற்றும் ஒரு குளோபல் தீமை இணையத்திலிருந்து இறக்கிப் போட்டீர்கள். மறுநாள் மானிட்டர் இல்லாமல் லேப்டாப்பை மட்டும் திறந்தபோது பாஸ்வேர்ட் கேட்கும் திரை வழக்கம்போல வந்தது. உள்ளே போனால் கறுப்புத் திரையும் மவுஸ் அம்பும் மட்டும்தான். மெனு இருக்கும் பட்டையான பேனலும் இல்லை, வால்பேப்பரும் இல்லை. இறுதியாண்டு ப்ராஜெக்ட் முழுவதும் அதற்குள் இருக்கிறது, கடையில் ஃபார்மட் செய்யச் சொல்கிறார்கள். பேனலை எப்படிக் கொண்டுவருவது என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது: ப்ராஜெக்ட் பத்திரமாக இருக்கிறதா, ஃபார்மட் இல்லாமல் இதைச் சரிசெய்ய முடியுமா.

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்கிறேன்: முடியும். நீங்கள் விவரிக்கும் கோளாறு, ஒரு சில சிறிய ஃபைல்களை நகர்த்தினால் தீரக்கூடிய வகையைச் சேர்ந்தது. ஒரு கல்லூரி ஆய்வகத்தில் பல வருடங்களாக லினக்ஸ் கணினிகளைப் பராமரித்து வருகிறேன். மாணவர்கள் கொண்டுவரும் லேப்டாப்களில் அடிக்கடி பார்ப்பது இதே மாதிரியான சிக்கலைத்தான். முதல் கேள்விக்கு, பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும் என்பது பதில். ஏன் 'பெரும்பாலும்' என்று சேர்த்தேன் என்பதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன். அது உங்கள் தீமோடு சம்பந்தப்பட்டது.

லினக்ஸில் திரையில் தெரிவதெல்லாம் ஒரே மென்பொருளின் வேலை இல்லை. அடியில் இயங்குதளத்தின் மையமான கெர்னலும், திரையை இயக்கும் கிராஃபிக்ஸ் டிரைவரும். அதன் மேல் பாஸ்வேர்ட் கேட்கும் நிரல், குபுண்டுவில் அதன் பெயர் எஸ்டிடிஎம். பாஸ்வேர்ட் சரியாக இருந்தால் அது உங்கள் அமர்வைத் தொடங்கி வைக்கும். அமர்வுக்குள் கேவின் என்ற நிரல் ஜன்னல்களை வரைந்து நகர்த்துகிறது. பிளாஸ்மாஷெல் என்ற இன்னொரு நிரல் பேனலையும் வால்பேப்பரையும் மெனுவையும் வரைகிறது. இந்த இரண்டும் தனித்தனி. பிளாஸ்மாஷெல் விழுந்துவிட்டாலும் கேவின் உயிரோடு இருக்கலாம். அப்போது என்ன தெரியும்? கறுப்புத் திரையும் மவுஸ் அம்பும். உங்களுக்குத் தெரிவது அதுதான்.

இதில் உறுதியாகச் சொல்லக்கூடியதையும் ஊகத்தையும் பிரித்துவிடுகிறேன். லாகின் திரை வருகிறது என்பதால் கெர்னலும் எஸ்டிடிஎம்மும் நலம், டிரைவர் குறைந்தபட்சம் ஒரு திரையை வரையும் நிலையில் இருக்கிறது, இது உறுதி. உள்ளே போனதும் மறுபடி லாகின் திரைக்கே தள்ளப்படவில்லை என்பதால் அமர்வும் தொடங்கியிருக்கிறது. வால்பேப்பர் மட்டும் தெரிந்து பேனல் காணவில்லை என்றால், பேனல் கழற்றிய மானிட்டரோடு போய்விட்டது என்று சொல்லியிருப்பேன். பிளாஸ்மா ஒவ்வொரு பேனலும் எந்தத் திரையைச் சேர்ந்தது என்று எண் போட்டுக் குறித்து வைக்கும். அந்தத் திரை இல்லாதபோது பேனல் வராமல் போவதுண்டு. உங்களுக்கு வால்பேப்பரும் இல்லை. ஆகவே பிளாஸ்மாஷெல்லே தொடங்கவில்லை, அல்லது தொடங்கித் தொடங்கி விழுகிறது என்று நினைக்கிறேன். காரணம் அந்தத் தீமா அல்லது திரை அமைப்பா என்பதை இங்கிருந்து அடித்துச் சொல்ல முடியாது. அதனால் எதையும் தொடும் முன், முடிந்தால் அதே மானிட்டரைச் செருகி ஒருமுறை லாகின் செய்து பாருங்கள். பேனல் அங்கே வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பேனலில் வலது கிளிக் செய்து திருத்தும் நிலைக்குப் போய் லேப்டாப் திரைக்கு இழுத்து விடுங்கள்.

வரவில்லையா, சரி, அடுத்தது. கறுப்புத் திரையில் இருக்கும்போதே கன்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கேவினும் குறுக்குவிசை கவனிக்கும் நிரலும் உயிரோடு இருந்தால் கான்சோல் என்ற டெர்மினல் திறக்கும். அது வராவிட்டால் ஆல்ட்டும் எஃப்2-உம் சேர்த்து அழுத்தினால் மேலே ஒரு தேடல் பெட்டி வரலாம். அதில் கான்சோல் என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள், முதல் எழுத்து 'கே'. டெர்மினல் வந்துவிட்டால், பிளாஸ்மாஷெல் என்று முழுப்பெயரைத் தட்டி என்டர் கொடுத்துப் பாருங்கள். பேனல் வரலாம், அல்லது டெர்மினலில் பிழைச் செய்திகள் வரிசையாகக் கொட்டலாம். அந்தச் செய்திகளில் உங்கள் தீமின் பெயரோ ஏதாவது விட்ஜெட்டின் (பேனலிலோ திரையிலோ வைக்கும் சிறு நிரல்) பெயரோ இருந்தால் குற்றவாளி கிடைத்தாயிற்று. ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கும் அசையவில்லை என்றால் கணினியை மறுபடி தொடங்கி, லாகின் திரை வந்ததும் பாஸ்வேர்ட் கொடுக்காமல் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்துங்கள். சில லேப்டாப்களில் கூடவே எஃப்என் விசையும் தேவைப்படும். முழுக்கறுப்பில் வெள்ளை எழுத்தாக ஒரு லாகின் வரி வரும். இது வரைகலை இல்லாத, தனியான ஒரு நுழைவாயில். டெஸ்க்டாப் எவ்வளவு உடைந்திருந்தாலும் இது பெரும்பாலும் வேலை செய்யும். பயனர் பெயர், பிறகு பாஸ்வேர்ட். பாஸ்வேர்ட் தட்டும்போது திரையில் புள்ளிகூட விழாது. அது இயல்புதான், தட்டி முடித்து என்டர் கொடுங்கள். திரும்பிப் போக கன்ட்ரோல், ஆல்ட்டோடு எஃப்1 அல்லது எஃப்2. இங்கே நான் கட்டளைகளின் பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன், நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். நீளமான ஃபைல் பெயர்களைக் கண்டு பயப்பட வேண்டாம். முதல் சில எழுத்துகளைத் தட்டி டேப் விசையை அழுத்தினால் மீதியை அதுவே நிரப்பிக்கொள்ளும்.

உள்ளே போனதும் செய்ய வேண்டியவை இரண்டு. எல்எஸ் கட்டளை கொடுத்து உங்கள் ஃபோல்டர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் போயும் பாருங்கள். இங்கேதான் அந்தப் 'பெரும்பாலும்' வருகிறது. 2024 மார்ச்சில் கேடிஈயின் ஸ்டோரிலிருந்து ஒருவர் இறக்கிய குளோபல் தீம், அவருடைய சொந்த ஃபைல்களையே அழித்துவிட்டது. வேண்டுமென்றே செய்த நாசவேலை இல்லை, தீமுக்குள் இருந்த ஸ்கிரிப்ட் தவறாக எழுதப்பட்டிருந்தது. ஆனால் அந்தச் சம்பவம் பலருக்குத் தெரியாத ஒன்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது: குளோபல் தீம் என்பது நிறமும் படமும் மட்டும் இல்லை, அதற்குள் உங்கள் பெயரில் ஓடக்கூடிய நிரலும் இருக்கலாம். உங்கள் தீம் அப்படிப்பட்டது என்று நான் சொல்லவில்லை. வாய்ப்பு மிகக் குறைவு. ஆனாலும் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. ஒருவேளை ஃபைல்கள் காணவில்லை என்றால் அந்த நிமிடமே கணினியை அணைத்துவிடுங்கள். அது வேறு வகை மீட்பு. தொடர்ந்து ஓட ஓட, அழிந்தவை இருந்த இடத்தில் புதியவை எழுதப்பட்டு வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

இரண்டாவது, டிஎஃப் என்று தட்டி இடைவெளி விட்டு ஒரு சிறு கோடும் 'எச்' எழுத்தும் சேர்த்துக் கொடுங்கள். ஒவ்வொரு பகுதியிலும் எவ்வளவு இடம் மீதி என்று காட்டும். சாய்கோடு மட்டும் போட்ட வரியிலோ, ஹோம் என்ற வரியிலோ 100 சதவீதம் என்று இருந்தால் தீமைப் பற்றிய ஆராய்ச்சியை அப்படியே நிறுத்துங்கள். இடம் நிரம்பிவிட்டால் டெஸ்க்டாப்பால் தன் தற்காலிக ஃபைல்களை எழுத முடியாது. அதனாலேயே கறுப்புத் திரை வரும், அல்லது லாகின் திரைக்கே திரும்பத் தள்ளும். எக்ஸ்ட்4 வகை டிஸ்க்கில் வழக்கமாக 5 சதவீதம் இடம் ரூட் என்ற நிர்வாகப் பயனருக்கென ஒதுக்கப்பட்டிருக்கும். அதனால்தான் உங்கள் டெஸ்க்டாப் படுத்துவிட்டாலும் அடியில் கணினி மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். சுடோ ஆப்ட் க்ளீன் கொடுத்தால் இறக்கி வைத்த பேக்கேஜ் ஃபைல்கள் போகும் (சுடோ என்பது நிர்வாக அனுமதியோடு ஓட்டுவது, ஆப்ட் என்பது மென்பொருள் பேக்கேஜ்களை நிறுவி நீக்கும் நிரல்). குப்பைத்தொட்டியில் கிடக்கும் பெரிய வீடியோக்களை அழித்தாலும் இடம் கிடைக்கும். பிறகு மறுபடி தொடங்கிப் பாருங்கள். தீம் மேல் பழி போட்டவர்களில் சிலருக்கு உண்மையான காரணம் இதுவாகத்தான் இருந்தது.

ஃபைல்கள் இருக்கின்றன, இடமும் இருக்கிறது என்றால் அடுத்து ஒரு நகல் எடுங்கள். இதை எழுத்துத் திரையிலிருந்தே செய்யலாம், ஆனால் பழக்கமில்லாதவர்களுக்கு நான் சொல்வது லைவ் யுஎஸ்பி வழி. குபுண்டு நிறுவப் பயன்படுத்திய அதே பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி, 'முயன்று பார்' என்ற தேர்வைக் கொடுங்கள். 'நிறுவு' பக்கம் கை போக வேண்டாம். ஃபைல் மேனேஜர் திறந்து, இடப்பக்கம் தெரியும் உங்கள் டிஸ்க்கைக் கிளிக் செய்தால் ஹோம் ஃபோல்டருக்குள் போகலாம். டிஸ்க்கை நிறுவும்போது என்கிரிப்ட் செய்திருந்தால் அந்தப் பாஸ்வேர்டைக் கேட்கும். ப்ராஜெக்டை இன்னொரு பென் டிரைவுக்கோ வெளி ஹார்ட் டிஸ்க்குக்கோ நகலெடுத்துக்கொள்ளுங்கள். சில சமயம் நகலெடுக்க அனுமதி இல்லை என்று மறுக்கும். அப்போது லைவ் அமர்வின் டெர்மினலில் சுடோ சேர்த்து நகலெடுக்க வேண்டியிருக்கும். இது முடிந்த பிறகு நீங்கள் பதற்றமில்லாமல் வேலை செய்யலாம், அதற்காகவே இதை முதலில் வைக்கிறேன். ப்ராஜெக்ட் கையில் இருக்கும்போது எந்தச் சோதனையும் ஆபத்தில்லை.

இனி கோளாறு எங்கே என்று பிரிப்பது. எஃப்3 திரையில் சுடோ ஆட்யூசர் என்று தட்டி, இடைவெளி விட்டு ஏதாவது ஒரு புதுப் பெயர் கொடுங்கள். பாஸ்வேர்ட் கேட்கும், மற்ற விவரங்களுக்கு என்டர் அழுத்திக்கொண்டே போகலாம். லாகின் திரைக்குத் திரும்பி அந்தப் புதுப் பயனராக உள்ளே போங்கள். என் அனுபவத்தில் இதைவிடப் பயனுள்ள வேறு சோதனை இல்லை. யாரும் செய்வதும் இல்லை. புதுப் பயனருக்கு டெஸ்க்டாப் ஒழுங்காக வந்துவிட்டால், மென்பொருள், டிரைவர், பேக்கேஜ்கள் எல்லாம் நலம், கோளாறு உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் இருக்கும் அமைப்பு ஃபைல்களில்தான் என்பது உறுதியாகிவிடும். புதுப் பயனருக்கும் அதே கறுப்புத் திரை என்றால் கோளாறு கீழே, எல்லோருக்கும் பொதுவான இடத்தில்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பலர் சொல்லும் ஆலோசனை, 'கேடிஈயை நீக்கிவிட்டு மறுபடி நிறுவு' என்பது. உங்கள் கோளாறு ஹோம் ஃபோல்டரில் இருந்தால் அது எந்தப் பயனும் தராது. ஆப்ட் பேக்கேஜை நீக்கும்போது, முழுதாக அழிக்கச் சொன்னாலும்கூட, ஹோம் ஃபோல்டரைத் தொடாது. மறுபடி நிறுவியதும் அதே பழைய அமைப்பைப் படித்து அதே கறுப்புத் திரையைத்தான் காட்டும். ஹோமைத் தனிப் பார்ட்டிஷனில் வைத்திருப்பவர்கள் முழு இயங்குதளத்தையும் புதிதாக நிறுவி, அதே பயனர் பெயரைக் கொடுத்து, அதே கோளாறோடு வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். கடைக்காரர் சொல்லும் ஃபார்மட் இந்தக் கோளாறைத் தீர்ப்பது, உங்கள் ஹோமையும் சேர்த்து அழிப்பதால் மட்டுமே.

சரி, கோளாறு ஹோமில்தான் என்று தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஹோமுக்குள் புள்ளியில் தொடங்கும் பெயர் கொண்ட ஃபோல்டர்கள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். அதில் மூன்று நமக்கு வேண்டியவை: கான்ஃபிக், கேச், லோக்கல். லோக்கலுக்குள் ஷேர் என்று ஒன்று. கான்ஃபிக்கில் உங்கள் விருப்பங்கள், லோக்கல் ஷேரில் நீங்கள் இறக்கிய தீம், விட்ஜெட், தரவு, கேச்சில் எப்போது வேண்டுமானாலும் மறுபடி உருவாக்கிக்கொள்ளக்கூடிய தற்காலிகச் சரக்கு. கணினியை மறுபடி தொடங்கி, டெஸ்க்டாப்புக்குள் போகாமல் நேராக எஃப்3 திரைக்கு வந்து வேலை செய்யுங்கள். பிளாஸ்மா ஓடிக்கொண்டிருக்கும்போது இந்த ஃபைல்களை மாற்றினால், அது தன் நினைவில் இருக்கும் பழையதை மேலே எழுதிவிடக்கூடும். அப்புறம், எதையும் அழிக்காதீர்கள். எம்வி கட்டளையால் பெயரை மட்டும் மாற்றுங்கள், பின்னால் பழைய என்ற பொருளில் 'ஓல்ட்' சேர்த்தால் போதும். பெயர் மாறிய ஃபைலைப் பிளாஸ்மா கண்டுகொள்ளாது. உதவவில்லை என்றால் பழைய பெயரைத் திருப்பிக் கொடுக்கலாம்.

முதலில் கேச் ஃபோல்டரின் பெயரை மாற்றி ஒருமுறை லாகின் செய்து பாருங்கள். சில சமயம் தீமின் பழுதான நகல் கேச்சில் தங்கிவிடுவதுதான் சிக்கலாக இருக்கும், அது இதிலேயே தீரும். தீரவில்லை என்றால் கான்ஃபிக் ஃபோல்டருக்குள் பிளாஸ்மா என்று தொடங்கி ஆப்லெட்ஸ்ஆர்சி என்று முடியும் ஒரு நீளமான பெயருள்ள ஃபைல் இருக்கும். பேனல் எங்கே, அதில் என்னென்ன விட்ஜெட், எந்தத் திரைக்கு எந்த வால்பேப்பர் என்பதெல்லாம் அதற்குள்தான். பக்கத்திலேயே பிளாஸ்மாஷெல்ஆர்சி என்று இன்னொன்று. இரண்டின் பெயரையும் மாற்றினால், அடுத்த லாகினில் பிளாஸ்மா இயல்பான பேனலைப் புதிதாக உருவாக்கிக்கொள்ளும்.

ஆனால் இதை மட்டும் செய்து பலன் கிடைக்காமல் திரும்பி வருபவர்கள் நிறைய. காரணம், அந்த 'இயல்பான' பேனல் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் பிளாஸ்மா குளோபல் தீமிடம்தான் கேட்கும். தீமுக்குள் பேனல் அமைப்புக்கென்று ஒரு ஸ்கிரிப்ட் இருக்கலாம். தீம் பழுது என்றால் பழுதான அமைப்பே மறுபடி உருவாகும். அதனால் லோக்கல் ஷேருக்குள் இருக்கும் பிளாஸ்மா என்ற ஃபோல்டரின் பெயரையும் கூடவே மாற்றிவிடுங்கள். நீங்கள் இறக்கிய தீம்களும் விட்ஜெட்டுகளும் அதற்குள்தான். தீம் கிடைக்காதபோது பிளாஸ்மா கணினியோடு வந்த தீமுக்குத் திரும்பிவிடும். இந்த இரண்டையும் சேர்த்துச் செய்தால் உங்கள் கோளாறு தீர்ந்துவிடும் என்பது என் கணிப்பு. வால்பேப்பரும் பேனலும் மறைந்த நிலையில் என் மேசைக்கு வந்த லேப்டாப்களில் பெரும்பாலானவை இந்த இடத்தைத் தாண்டியதில்லை. பிளாஸ்மா 5-க்கு எழுதிய விட்ஜெட்டுகள் 6-ஆம் பதிப்பில் அப்படியே ஓடாது, ஸ்டோரில் இரண்டும் இருக்கின்றன. உங்கள் குபுண்டு 24.04-இல் இருப்பது பிளாஸ்மா 5.27. தீமைப் பதிப்பு பார்க்காமல் இறக்கியிருந்தால் அதுவும் ஒரு காரணமாகலாம்.

இன்னும் வரவில்லை என்றால் திரை அமைப்பு. லோக்கல் ஷேருக்குள் கேஸ்கிரீன் என்ற ஃபோல்டர் இருக்கும். எந்தெந்த மானிட்டர் இணைந்திருந்தால் எது முதன்மைத் திரை என்று பிளாஸ்மா அதில் எழுதி வைக்கும். அதன் பெயரை மாற்றிப் பாருங்கள். கடைசியாக கான்ஃபிக்கில் கேவின்ஆர்சி, கேடிஈகுளோபல்ஸ் இரண்டும். ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் லாகின் செய்து பார்ப்பது கொஞ்சம் அலுப்புதான். ஆனால் எது காரணம் என்று தெரிந்துவிட்டால் மற்றவற்றைத் திருப்பி வைக்கலாம், உங்கள் குறுக்குவிசைகளும் நிறங்களும் வீணாகாது.

முழு கான்ஃபிக் ஃபோல்டரையே அழித்துவிடு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். க்ரோம் உலாவியின் புரொஃபைல், அதாவது புக்மார்க், சேமித்த பாஸ்வேர்ட் எல்லாம், அந்த ஃபோல்டருக்குள்தான் இருக்கிறது. லிப்ரெஆஃபிஸின் அமைப்புகளும் அங்கேதான். தமிழில் தட்டச்சு செய்ய எஃப்சிஐடிஎக்ஸ் பயன்படுத்தினால் அதன் அமைப்பும் அங்கேதான். கேடிஈயின் விசைப்பலகைத் தேர்விலேயே தமிழைச் சேர்த்திருந்தால் அது கேஎக்ஸ்கேபிஆர்சி என்ற ஃபைலில் இருக்கும். அதைத் தொட வேண்டிய தேவை இல்லை. அதேபோல எஸ்எஸ்எச், ஜிஎன்யுபிஜி என்று புள்ளியோடு தொடங்கும் ஃபோல்டர்கள், லோக்கல் ஷேருக்குள் கீரிங்ஸ், கேவாலெட்டி ஆகியவற்றில் உங்கள் சாவிகளும் பாஸ்வேர்டுகளும் இருக்கின்றன. டெஸ்க்டாப் கோளாறுக்கும் இவற்றுக்கும் சம்பந்தமே இல்லை.

பாஸ்வேர்ட் கொடுத்ததும் ஒரு விநாடி கறுப்பாகி மறுபடி லாகின் திரைக்கே வந்துவிடுவது இன்னொரு வகைக் கோளாறு. உங்களுடையது அது இல்லை, ஆனால் இதைத் தேடிப் படிக்க வருபவர்களில் பாதிப்பேர் அதோடுதான் வருவார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். முதலில் டிஸ்க் நிரம்பியிருக்கிறதா பாருங்கள். அடுத்து, ஹோமுக்குள் புள்ளியோடு தொடங்கும் எக்ஸ்ஆத்தாரிட்டி என்ற ஃபைலின் உரிமையாளர் யார் என்று எல்எஸ் கட்டளையோடு சிறு கோடு, 'எல்', 'ஏ' சேர்த்துப் பாருங்கள். வரைகலை நிரல் எதையாவது சுடோ போட்டுத் திறந்திருந்தால் அந்த ஃபைல் ரூட்டின் பெயருக்கு மாறியிருக்கலாம். உங்கள் ஃபைலை உங்களாலேயே எழுத முடியாத நிலை. பெயரை மாற்றிவிட்டால் அடுத்த லாகினில் புதிதாக வரும். ஹோமுக்குள் புள்ளியோடு தொடங்கும் புரொஃபைல் என்ற ஃபைலில் கடைசியாக ஏதாவது வரி சேர்த்திருந்தால் அதையும் சந்தேகப்படுங்கள்.

புதுப் பயனருக்கும் டெஸ்க்டாப் வரவில்லை என்ற நிலைக்கு வருவோம். அப்போது வார், லாக், ஆப்ட் என்ற ஃபோல்டர்களுக்குள் ஹிஸ்டரி என்ற ஃபைலைத் திறந்து பாருங்கள். என்ன நிறுவினீர்கள், அதனால் எது நீக்கப்பட்டது என்று தேதி வாரியாக இருக்கும். 2021 நவம்பரில் லைனஸ் டெக் டிப்ஸ் யூடியூப் சேனலின் லைனஸ் செபாஸ்டியன், பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் என்ற கேம் மென்பொருளை நிறுவப் போய், டெஸ்க்டாப் முழுவதும் நீக்கப்பட்டது நினைவிருக்கலாம். ஆப்ட் எச்சரித்தது, அவர் சம்மதம் தட்டினார். அதன் பிறகு ஆப்ட் இப்படிப்பட்ட நீக்கங்களுக்குக் கடிவாளத்தை இறுக்கியது. ஆனாலும் நீக்கப்படும் பட்டியலைப் படிக்காமல் 'ஒய்' தட்டுவது இன்றும் நடக்கிறது. ஹிஸ்டரியில் பிளாஸ்மா பேக்கேஜ்கள் நீக்கப்பட்டதாகத் தெரிந்தால், சுடோ டிபிகேஜி கட்டளைக்கு இரட்டைக் கோட்டோடு 'கான்ஃபிகர்', பிறகு தனிக்கோட்டோடு 'ஏ' கொடுத்து அரைகுறையானவற்றை முடித்துவிட்டு, சுடோ ஆப்ட் இன்ஸ்டால் குபுண்டு-டெஸ்க்டாப் கொடுங்கள். பேக்கேஜ்கள் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் கிராஃபிக்ஸ் டிரைவர் பக்கம் போக வேண்டும். கணினி தொடங்கும்போது க்ரப் மெனுவில் மேம்பட்ட தேர்வுகளுக்குள் போய் முந்தைய கெர்னலைத் தேர்ந்து பாருங்கள். என்விடியா டிரைவர் புதுக் கெர்னலுக்குப் பொருந்தாமல் போவது அடிக்கடி நடப்பது. பழைய கெர்னலில் டெஸ்க்டாப் வந்துவிட்டால் காரணம் அதுதான்.

வேறு டெஸ்க்டாப் பயன்படுத்துபவர்களுக்கும் வழி இதேதான், ஃபைல்கள் மட்டும் வேறு. எக்ஸ்எஃப்சிஈயில் கான்ஃபிக்குக்குள் எக்ஸ்எஃப்சிஈ4 என்ற ஃபோல்டர். எக்ஸ்எஃப்கான்ஃப்டி என்ற நிரல் அமைப்புகளை நினைவில் வைத்திருந்து திரும்ப எழுதும் என்பதால், டெஸ்க்டாப் ஓடாதபோதுதான் மாற்ற வேண்டும். க்னோமில் அமைப்புகள் எல்லாம் டிகான்ஃப் ஃபோல்டருக்குள் யூசர் என்ற ஒரே ஃபைலில், மனிதர் படிக்க முடியாத வடிவில் இருக்கின்றன. ஆனால் அங்கே குற்றவாளி பெரும்பாலும் எக்ஸ்டென்ஷன். லோக்கல் ஷேருக்குள் க்னோம்-ஷெல் ஃபோல்டரில் இருக்கும் எக்ஸ்டென்ஷன்ஸ் ஃபோல்டரின் பெயரை மாற்றினாலே போதும்.

டெஸ்க்டாப் திரும்பியதும், கணினியின் நிலையை நகலெடுத்து வைக்கும் டைம்ஷிஃப்ட் என்ற நிரலை நிறுவிக்கொள்ளுங்கள் என்று சொல்வார்கள். நல்லதுதான், ஆனால் அது வழக்கமான அமைப்பில் ஹோம் ஃபோல்டரைச் சேர்க்காது. கெர்னலோ பேக்கேஜோ உடைந்தால் காப்பாற்றும். இப்போது உங்களுக்கு நேர்ந்ததிலிருந்து காப்பாற்றியிருக்காது. அதனால் இனி தீம் மாற்றும் முன் கான்ஃபிக் ஃபோல்டரையும் லோக்கல் ஷேருக்குள் இருக்கும் பிளாஸ்மா ஃபோல்டரையும் அப்படியே ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஃபோல்டரில் க்ரோம் இருப்பதால் அது கொஞ்சம் பெரிதாக இருக்கும், அந்த ஒன்றை விட்டுவிட்டால் மீதி சிறியதுதான். தீம் போடும்போது டெஸ்க்டாப் அமைப்பையும் மாற்றவா என்று ஒரு தேர்வுப்பெட்டி வரும். பேனல் உங்கள் விருப்பப்படி இருந்தால் அதை டிக் செய்யாமல் விட்டுவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு வரவில்லை என்றால் மூன்று விவரங்களோடு எழுதுங்கள். புதுப் பயனருக்கு டெஸ்க்டாப் வந்ததா இல்லையா. டிஎஃப் காட்டிய பட்டியல். உங்கள் பெயரில் லாகின் முயன்ற பிறகு, கணினியை மறுபடி தொடங்காமல் எஃப்3 திரைக்கு வந்து, ஜர்னல்சிடிஎல் கட்டளைக்கு இரட்டைக் கோட்டோடு 'யூசர்', தனிக்கோட்டோடு 'பி' சேர்த்துக் கொடுத்தால் வருவதில் பிளாஸ்மாஷெல் என்ற பெயர் இருக்கும் கடைசிச் சில வரிகள். போட்டோவாக இருந்தாலும் பரவாயில்லை.